டேங்கருக்கு ஒரு கட்டம்

அந்த மே மாதம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டெல்லி மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் மயூர் விஹாரிலிருந்து கதவருகே நின்றபடியே அலுவலகம் போவேன். போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிடுவேன். எல்லாம் ஒரு படிவத்தால் வந்தது.

தொழில் நிறுவனங்களின் சங்கம் ஒன்றில் எனக்கு வேலை. சுற்றுச்சூழலில் அக்கறை காட்டும் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் ஓர் இலை, இரண்டு இலை, மூன்று இலை என்று தரம் கொடுப்போம். சட்டக் கட்டாயம் ஏதுமில்லை. விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து, படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனை மரக்கன்று நட்டீர்கள், எத்தனை பல்பு மாற்றினீர்கள், தண்ணீரை மிச்சம் பிடித்தீர்களா என்று அதில் கேட்டிருப்போம். நட்ட கன்று பிழைத்ததா என்று கேட்டதில்லை. எட்டு வருடமாக அந்தப் படிவங்களைப் படித்து இலைகளைப் பங்கிட்டவள் நான்தான்.

இதைச் சரிசெய்யச் சொல்லி இயக்குநர் என்னிடம் கொடுத்தார். செய்ததைப் பட்டியல் போடச் சொல்லாமல், விளைந்த பலனை அளந்து கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஹோட்டல் என்றால் ஓர் அறைக்கு எவ்வளவு மின்சாரம், மருத்துவமனை என்றால் ஒரு கிலோ துணி வெளுக்க எவ்வளவு தண்ணீர். வெள்ளோட்டம் பார்க்க, பல வருடமாக மூன்று இலை வாங்கிவந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன்.

கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் மேலாளர் ஏ.சி. அறையில் டீ கொடுத்து, திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அவர்களுடைய குழாய்த் தண்ணீர் மீட்டரின் அளவு வருடத்துக்கு வருடம் சரிந்துகொண்டே வந்திருந்தது. எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். விழிப்புணர்வு என்றார். துணி வெளுக்கும் இடத்தைப் பார்க்கலாமா என்றேன். அங்கே புழுங்கும் என்று தயங்கி, பிறகு லிஃப்டைக் காட்டினார்.

கீழ்த்தளத்தில் நீராவியும் பிளீச்சிங் வாடையும் முகத்தில் அடித்தன. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா இந்தியில் ஆட்களை விரட்டிக்கொண்டே, நடுநடுவே திருநெல்வேலித் தமிழில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் பேச்சுக் கொடுத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். இருபது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு துணிப் பிரிவுக்குப் பொறுப்பாக மாற்றியிருந்தார்கள். எல்லோரையும் போல நானும் சிஸ்டர் என்றே கூப்பிட்டேன். மேலே பார்த்த வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மீட்டர் எறங்காம என்ன செய்யும்? குழாயில தண்ணி வந்தாத்தான?" என்றார். "டேங்கர் தண்ணியிலதான் நாங்க வெளுக்குதோம்."

ஒரு ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். டேங்கர் பிந்தினால் ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போகாது, பழி தன்மேல் விழும் என்பதற்காக, தினமும் எத்தனை டேங்கர் எத்தனை மணிக்கு வந்தது என்று தமிழில் எழுதிவைத்திருந்தார். பக்கத்திலேயே அன்று வெளுத்த துணியின் எடை. நான் தேடி அலைந்த அளவு இரண்டு பத்தியில் அங்கே கிடந்தது. நின்ற இடத்திலேயே வகுத்துப் பார்த்தேன். நான் முன்பே விசாரித்திருந்த, இலையே வாங்காத சிறிய மருத்துவமனைகள் சொன்ன அளவைவிட இங்கே தண்ணீர் அதிகமாகச் செலவாகியிருந்தது. நான் சிக்கனம் என்று நம்பி இலை கொடுத்தது வறண்ட குழாய்க்கு. அன்று வீட்டுக்குப் போகும்போது இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

மறுநாள் போனில் அந்த எண்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கிடுங்கம்மா. ஆனா எங்கிட்ட வாங்குனதா இருக்க வேண்டாம்" என்றார். அவருடைய மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள்; வேலைக்கு ஆபத்து வரக் கூடாது.

அவர் மாட்டிக்கொள்ளாதபடி ஒரு வழி யோசித்தேன். எல்லா நிறுவனங்களுக்குமான படிவத்தில், டேங்கரில் வாங்கிய தண்ணீருக்கு என்று ஒரு கட்டம் சேர்த்தேன். எண்கள் நம்பும்படி இருக்கட்டும் என்று, அதற்குக் கீழே இன்னொரு வரியும் போட்டேன்: 'அந்த இடத்தில் அளவைக் குறிப்பவரின் கையொப்பம்.' அந்த வரியை எழுதிவிட்டுப் பெருமையாகக்கூட இருந்தேன்.

உறுப்பினர் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விருப்பப்பட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுகிறீர்களா என்று ஒரு ஹோட்டல்காரர் கேட்டார். ஒரு வருடம் பார்ப்போம் என்று இயக்குநர் சமாதானம் சொன்னார்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் சிஸ்டர் கூப்பிட்டார். டேங்கர் கட்டத்தில் பாதி அளவை எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி மேலாளர் கொண்டுவந்தாராம். இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, பேனாவை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன். "அந்த வரியையே எடுத்துடறேன் சிஸ்டர். நீங்க எதுக்கு இதுல மாட்டிக்கணும்?" என்றேன்.

"என் கையெழுத்துல்லா அது. வார்டுல இருக்கையில, போடாத ஊசியப் போட்டதா ஒருநாளும் எழுதுனதில்ல. இப்ப எழுதணுமா?" என்றார். "வரிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு வாரம் எந்தச் சேதியும் இல்லை. நான் கூப்பிட்டால் அதுவே அவருக்கு வினையாகலாம் என்று பயந்தேன். அந்த வரியை நீக்கலாம் என்று இயக்குநருக்கு இரண்டு முறை கடிதம் அடித்து, அனுப்பாமல் அழித்தேன். ஒருநாள் மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்து மருத்துவமனை வாசல்வரை போனேன். உள்ளே போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பிறகு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. இத்தனை வருட உறவுக்கு நன்றி, திட்டத்திலிருந்து விலகுகிறோம். கூட்டத்தில் கேள்வி கேட்டவரின் ஹோட்டலும் இன்னொரு நிறுவனமும் பின்னாலேயே விலகின. இயக்குநர் மூன்று கடிதங்களையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

நவம்பரில் சிஸ்டரே கூப்பிட்டார். விலகியது ஏன், படிவம் ஏன் கையெழுத்தாகாமல் கிடந்தது என்று பெரிய டாக்டர் பிறகு விசாரித்திருக்கிறார். மருத்துவமனையே அவருடையது. ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னாராம். தமிழில் இருந்ததால், அவர் எதிரே நின்று ஒவ்வொரு வரியாக இந்தியில் இவரே வாசித்துக் காட்ட வேண்டியிருந்ததாம். அவ்வளவு டேங்கரா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டாராம். கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, அடுத்த சுமையின் முதல் அலசலுக்கு விடலாம் என்று இவர் முன்னமே சொல்லியிருந்த யோசனை அன்றுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. குழாய் போட்டுவிட்டார்களாம். நாலு டேங்கர் வந்த இடத்தில் இப்போது இரண்டு, சில நாள் மூன்று.

"உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டேன்.

"மேனேஜர் எங்கூடப் பேசுறதில்ல. லீவு கேட்டாத் தர மாட்டேங்காரு. கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போவ முடியாது போல" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இந்த மாற்றத்தை ஆண்டறிக்கையில் சேர்க்கலாமா என்று இயக்குநரிடம் கேட்டேன். சந்தோஷம்தான், ஆனால் அவர்கள் இப்போது உறுப்பினர் இல்லையே என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. அறிக்கையில் மூன்று உறுப்பினர்கள் குறைந்ததாக மட்டும் அச்சானது. என் படிவத்தால் நிஜமாகக் குறைந்த தண்ணீருக்கு அதில் இடமில்லை.

போன வாரம் புதுப் படிவம் பற்றிப் பேச்சு வந்தது. கையொப்ப வரியை விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று மாற்றினால் விலகியவர்கள் திரும்பக்கூடும் என்றார் இயக்குநர். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றேன். சரி என்று உடனே ஒத்துக்கொண்டார். வெளியே வந்து வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இருக்கட்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம். கையெழுத்துப் போடப்போவது நானில்லை.