கொத்தனார் வீட்டுச் சவுரியம்மாள்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், ஏரிக்கரைக்கு இரண்டு பக்கமுமாகக் கிடக்கிறது அந்தக் கிராமம். நிலம் வைத்திருப்பவர்கள் குடியிருக்கும் பக்கத்தை ஊர் என்பார்கள். கரைக்கு இந்தப் பக்கம் காலனி. காலனியில் பாதி வீடுகளையும் மாதா கோயில் சுற்றுச்சுவரையும் கட்டியவர் கொத்தனார் ஆரோக்கியராஜ். அவருடைய மனைவி சவுரியம்மாள் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் ஊர்க்காரர்களின் நிலத்துக்குக் கூலிக்குப் போவாள். மற்ற நாட்களில் கணவருக்கே சித்தாள். ஒரே மகள் அமலாவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஆரோக்கியராஜுக்கு ஐம்பது வயது தாண்டிய புதிதில், மயிலத்தில் ஒரு வீட்டு வேலையில் வாசலுக்கு இடம் விடாமல் சுவரை எழுப்பிவிட்டார். செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சவுரியம்மாள் வாசல் எங்கே என்று நடுவிலேயே கேட்டிருக்கிறாள். அவர் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து எப்படி உள்ளே போவது என்று கேட்டபோது, அவர் அந்தச் சுவரை யாரோ கட்டியதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். குடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது. சட்டையைத் திருப்பி மாட்டிக்கொள்வார். சாப்பிட்ட கையோடு சோறு கேட்பார். செய்வினை என்றார்கள், ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் சவுரியம்மாள் அவரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் மறதி நோய், அபூர்வமாக இந்த வயதிலும் வரும், குணப்படுத்த மருந்து இல்லை என்று அங்கே ஒரு டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்று ஆறுதலாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டார்.

"அக்கா, எங்க ஊட்டுல சவுரின்னு ஒருத்தி இருப்பா. எங்கயாச்சும் பாத்தீங்களா?"

நான்தான் சவுரி என்று முதலில் சண்டை போட்டாள். அவர் பயந்து ஒடுங்குவதைப் பார்த்த பிறகு, "வந்துக்கினே இருக்கா, செத்த உக்காருங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவளுக்காக அவ்வளவு பிரியமாக அவர் காத்திருந்ததை அவள் முன்பு பார்த்ததே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அஸ்வினி வந்தார். கிராமங்களில் எத்தனை பேருக்கு மறதி நோய் இருக்கிறது, ஏன் வருகிறது என்று ஆராயும் குழு அவருடையது. வீடு வீடாகப் போய் ஞாபகசக்தியைச் சோதிக்கவும் ரத்தம் எடுக்கவும் வேண்டும். காலனியில் ரத்தம் என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஊரிலோ அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டில் இல்லை என்றார்கள். பைத்தியக்கார வீடு என்று பெயர் வந்துவிட்டால் பெண் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள். வெளியூர் டாக்டர் சொல்வதைவிட, அந்த நோயோடு வாழ்கிறவர் சொன்னால் கேட்பார்கள் என்று அஸ்வினி சவுரியம்மாளைப் பேசக் கூப்பிட்டார். முதலில் மாதா கோயில் கூடத்தில் பேசினாள். காலனிக் கதவுகள் திறந்தன. அடுத்த கூட்டம் ஊர்ப்பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்.

அந்த மண்டபத்தில் காலனிப் பெண் ஒருத்தி மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை. கணவரைப் பார்த்துக்கொள்ள விழுப்புரத்திலிருந்து அமலாவை வரவழைத்துவிட்டு, துவைத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் பலர் வெளியிலேயே நின்றார்கள். அவள் அதிகம் பேசவில்லை. தன் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியாக, "யாரையும் உள்ள வெச்சிப் பூட்டாதீங்க. அவங்க நோயாளிங்க, திருடனுங்க இல்ல" என்றாள்.

முன்வரிசையில் கெங்கம்மாள் தலைகுனிந்துகொண்டாள். சவுரியம்மாள் வருஷா வருஷம் மல்லாட்டை பிடுங்கியது அவளுடைய நிலத்தில்தான். அவள் கணவர் வேங்கடேசன் புதுச்சேரியில் மகள் வீட்டில் இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவரும் இதே மறதி நோயோடு பின்கட்டு அறையில் பூட்டுக்குள் இருந்தார். அன்று வீட்டுக்குப் போனதும் கெங்கம்மாள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

சவுரியம்மாள் வீடு திரும்பியபோது அமலா தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போன நேரத்தில் அப்பா எழுந்து போயிருக்கிறார்.

அவரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கூட்டு ரோட்டு டீக்கடைக்காரர் புகழேந்தியிடம் சவுரியைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். குடித்திருக்கிறார் என்று நினைத்து, "போய்க்கினே இரு பெரியவரே" என்று புகழேந்தி அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஏறியிருக்கிறார். விழுப்புரத்தில் இறங்கி, சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நடந்தவரைப் பார்த்தவர்களும் உண்டு. யாரும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் போலீஸிலிருந்து போன் வந்தது. பைபாஸ் ஓரத்தில் கிடந்த ஓர் உடல், அடையாளம் தெரியாமல் முண்டியம்பாக்கம் பிணவறையில் இருப்பதாகச் சொன்னார்கள். வெயிலும் தாகமும்தான் காரணம் என்றார்கள். சவுரியம்மாள் அவர் காலைப் பார்த்தாள். பாதம் முழுக்கக் கொப்புளம். முந்தானையால் அதைத் துடைக்கப் போனவளை அமலாதான் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

ஊருக்குப் புத்தி சொல்லப் போனாள், சொந்தப் புருஷனைத் தொலைத்தாள் என்று பேச்சு வந்தது. காரியம் முடிந்த பிறகு கெங்கம்மாள் கரையைத் தாண்டிக் காலனிக்குள் வந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வருவது அதுவே முதல் முறை. பாயில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னன்னுதான் தொறந்து வுட்டேன் சவுரி. உன் சேதியக் கேட்டதும் பயமாப் போச்சு. மறுபடியும் பூட்டிட்டேன். மனசுல வெச்சிக்காத."

சவுரியம்மாள், "நானும் பூட்டியிருந்தா உசுரோட இருந்திருப்பாரும்மா" என்றாள்.

மழைக்காலம் வரும்வரை அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. அஸ்வினி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார், வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் சவுரியம்மாள் தானாகவே கிளம்பி டீக்கடைக்குப் போனாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துப் புகழேந்தி எழுந்து நின்றார். இனிமேல் யாராவது வழி தெரியாமல் வந்து கேட்டால் உட்கார வைத்து ஒரு டீ கொடுங்கள், எனக்குப் போன் பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர் அவளுடைய போன் நம்பரைக் கேட்டுக் கடைச் சுவரில் எழுதி வைத்தார்.

அன்று இரவு அஸ்வினிக்கு அவளே போன் செய்தாள். "பூட்டாதீங்கன்னு சொன்னேன் டாக்டரம்மா. அப்ப யாரு பாத்துக்கறதுன்னு நான் சொல்லல. யாருமே சொல்லல."

அதிலிருந்து வேலை வேறு விதமாக நடந்தது. பஸ் கண்டக்டர்கள், ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். பகலில் நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. மாதா கோயில் கூடத்துக்கு ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள், மண்டபத்தைக் காலனிக்குத் தரமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, ஏரிக்கரையில் சும்மா கிடந்த பழைய சத்துணவுக் கூடத்தைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கினார்கள். முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் கெங்கம்மாள் கணவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நெடுநாள் வெயில் படாத வேங்கடேசன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். சவுரியம்மாள் அவர் முன்னால் ஒரு முறத்தில் மல்லாட்டையைக் கொட்டினாள். அவர் உரிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு வேறு சிலரும் வந்தார்கள். ஆராய்ச்சிக்கும் அங்கேயே ரத்தம் கொடுத்தார்கள்.

அமலா மட்டும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். உன்மேல் தப்பில்லை என்று அம்மா எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது, அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டாள்.

"அம்மா, சின்ன வயசுல வர்றது புள்ளைங்களுக்கும் வருமாமே. எனக்கும் வருமா?"

இந்த நோயைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த சவுரியம்மாள், இதை மட்டும் டாக்டரிடமே கேட்கலாம் என்றாள். அஸ்வினியிடம் அழைத்துப் போனாள். எல்லாருக்கும் அப்படி வருவதில்லை, சில குடும்பங்களில் வரும், ரத்தத்தைச் சோதித்தால் ஓரளவு தெரியலாம், சோதிக்கலாமா வேண்டாமா என்பதை அமலாதான் முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர்.

அமலா கையை நீட்டினாள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு எதுவானாலும் எனக்குச் சொல்லாதீர்கள் என்றாள். ஊசி இறங்கும்போது சவுரியம்மாள் மகளின் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் முடிவைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.