அரும்பாவூர் அக்காவின் தம்பி

எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு மைக்செட் எப்போதும் என்னுடையதுதான். ஒயர் இழுப்பேன், ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டுவேன். "மைக் டெஸ்டிங்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருடம் அறிவிப்புச் செய்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போட்டி நடத்தும் பையன்கள் ஒரு சீட்டை என் கையில் திணித்தார்கள். ஊரிலேயே வயதானவருக்குப் பொன்னாடை போடப்போகிறார்கள். அவரை மேடைக்கு அழைக்க வேண்டும்.

"நம் ஊரின் மூத்த முதியவரை அன்போடு அழைக்கிறோம்" என்று படித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த தாத்தா அசையவில்லை. தொண்ணூறைத் தாண்டியவர். காது கேட்கவில்லையோ என்று மைக்கோடு பக்கத்தில் போனேன்.

"தாத்தா, ஒங்களத்தான் கூப்புடுறாங்க."

"முதியவர்னு பஸ்ல சீட்டுக்கு மேல எழுதியிருப்பான். நான் அதுலகூட ஒக்கார்றதில்ல."

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். திடல் முழுக்கச் சிரித்தது.

"கெழவரேன்னா வருவியா பெருசு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"தாராளமா கூப்புடு. கெழவன்தானே. மூத்தவன்னு மட்டும் சொல்லாத. எங்கக்கா அரும்பாவூர்ல குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கு. அது இருக்கையில நான் எப்புடிடா மூத்தவன்? அது காதுல விழுந்தா என்னா நெனைக்கும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொன்னாடையை விரித்துப் பிடித்திருந்த பையன் என்னைப் பார்த்தான். எல்லோருமே என்னைத்தான் பார்த்தார்கள். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"அரும்பாவூர் அக்காவோட தம்பி, மேடைக்கு வாங்க" என்றேன்.

தாத்தா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். விசில் சத்தத்தில் என் பெட்டிகள் தோற்றுப்போயின.

மறுநாள் அரும்பாவூரில் ஒரு கல்யாண வீட்டாரிடம் மைக்செட் வாடகை பேச வேண்டியிருந்தது. என் குட்டியானை வண்டியின் முன்சீட்டில் தாத்தாவும் ஏறிக்கொண்டார். தோளில் பொன்னாடை, மடியில் அக்காவுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும்.

அவருடைய அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, தோள்ல என்னா இது, பெரிய மனுசனாட்டம்?"

தாத்தா அதை எடுத்து அக்காவுக்குப் போர்த்திவிட்டார். "ஒனக்குத்தான்க்கா போட்டாங்க. நான் சும்மா தூக்கியாந்தேன்."

அந்த அம்மா ஜரிகையைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சரி, காலக் கழுவிட்டு வா, சாப்புடு."

"சரிக்கா" என்று தாத்தா குழாயடிக்கு ஓடாத குறையாகப் போனார்.