நாலு போடாத ஆர்டிஸ்

குழந்தைகளுக்கான குட்டை நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் ஆர்டிஸ் ட்வெட்டன். காலடியில் காப்பிக் குடுவை. அந்தக் காப்பியைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் அதன் வழியே செய்தித்தாள் படித்துவிடலாம், அவ்வளவு தண்ணி. பாடம் முடிகிறவரை முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. முடிந்ததும், நடத்தியவரைத் தாண்டிப் போகும்போது, "அவ்வளவு மோசமில்ல" என்பாள். கேட்டவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார். மனைவி தங்கைக்குப் போன் போடுவாள்.

மினசோட்டாவின் இந்த வடமேற்கு மூலையில் யாரும் யாரையும் தூக்கிப் பேசுவதில்லை. தன்னைத் தானே தூக்கிக்கொள்வது அதைவிடக் கேவலம். ஆசிரியர் அறையில் யாராவது எலுமிச்சை இனிப்பு செய்து தகரத் தட்டில் கொண்டுவந்து வைத்தால், கடைசித் துண்டை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து அதைப் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் மிச்சப் பாதியைப் பாதியாக்குவார். சாயங்காலம் பார்த்தால் தட்டில் எறும்புக்குக்கூடப் போதாத ஒரு துணுக்கு நிற்கும். முப்பத்தொரு வருஷமாக மூன்றாம் வகுப்பு நடத்தும் ஆர்டிஸ் அந்தத் துணுக்கைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

இவ்வளவு காலமும் இங்கே ஆசிரியர் சம்பளம் மரத்தில் வளையம் ஏறுவதுபோலத்தான் ஏறியது. வருஷத்துக்கு ஒரு படி. உயிரைக் கொடுத்து நடத்தினாலும் அதே படி, நாற்காலியில் தூங்கி வழிந்தாலும் அதே படி. இதை மாற்றி, ஓர் ஆசிரியர் வகுப்பில் இன்னொரு ஆசிரியரே உட்கார்ந்து பார்த்து, குறை சொல்லித் திருத்தி, அதற்கேற்பச் சம்பளம் உயர வழி செய்கிற பள்ளி மாவட்டங்களுக்கு மாநில அரசு தனியாக நிதி தருகிறது. ஆனால் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு பேர் கூடிய கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியவள் ஆர்டிஸ் ஒருத்திதான். அடுத்தவள் அடுப்பில் உப்புப் பார்க்கிற வேலை நமக்கெதற்கு என்றாள். சரி, வகுப்பில் உட்கார்ந்து பார்க்க யாரை அனுப்பலாம் என்று கேட்டபோது மற்ற இருபத்தொரு பேரும் அவள் பெயரைச் சொன்னார்கள். மூஞ்சிக்கு நேரே எதிர்க்கிறவள் முதுகுக்குப் பின்னால் எழுத மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் வருஷம் வெள்ளோட்டம். அது தேறினால்தான் நிதி. படிவத்தில் ஒன்று முதல் நாலு வரை கட்டங்கள், நாலு உச்சம், மூன்று எடுத்தால் தேர்ச்சி. ஆர்டிஸ் எல்லோருக்கும் இரண்டு போட்டாள். பக்கத்தில் பென்சிலால் "மோசமில்லை." மிக நன்றாக நடத்தியவர்களுக்கு, "அவ்வளவு மோசமில்லை." அதற்குக் கீழே குறை என்னவென்று ஒரு வரி. ஊரில் அதைப் படித்தவர்களெல்லாம் அகமகிழ்ந்துபோனார்கள்.

தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஆசிரியர் ஒருவர்கூடத் தேறவில்லையே, இந்தத் திட்டத்தால் என்ன பயன், நிதி தருவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தைக் கொண்டுவந்தவன் டுவேன் ராஷ்கே, பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரி. ஐம்பது வயசு, வழுக்கை. ஒரு காலத்தில் ஆர்டிஸிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன். இன்றும் அவள் முன்னால் கையைப் பைக்குள் விடமாட்டான்.

"ரெண்டை நாலாக்கிடுங்க ஆர்டிஸ். பென்சில்தானே, அழிச்சுடலாம்."

"அழிக்கத்தான் பென்சில்னு யார் சொன்னா? மூணுங்கறது ஒருத்தரை அடக்கம் பண்ற அன்னிக்குச் சொல்ல வேண்டியது, டுவேன். நாலு யாருக்குன்னே எனக்குத் தெரியல."

"பெத் போயிடுவா."

பெத் கோஸ்கி நாலாவது வருஷ ஆசிரியை. பள்ளியில் அறிவியலுக்கு வேறு ஆள் கிடையாது. பழைய சம்பளப் படிக்கட்டில் அவள் இன்னும் கீழ்ப் படிகளில்தான் நிற்கிறாள். நகரத்துப் பள்ளி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே ஆர்டிஸிடம் அவளே சொன்னாள். போக மனசில்லை என்றும் சொன்னாள்.

அன்று முழுக்க ஆர்டிஸ் ரப்பரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். ஓரெழுத்தும் அழிக்கவில்லை. "சந்தேகம்னா அவங்களே வந்து உக்காந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் டுவேன் அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதி அனுப்பினான்.

தலைநகரிலிருந்து வந்தவள் டெனிஸ் ஒர்ட்டேகா. வெயில் காயும் அரிசோனாவில் பிறந்து வளர்ந்து, இங்கே வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. பனிக்கு ஆகாத செருப்பைப் பார்த்தாலே தெரியும். ஆர்டிஸ் அவளுக்கும் ஒரு குட்டை நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெத்தின் ஆறாம் வகுப்பு. மேசைக்கு மேசை, ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டுச் செரிக்காத எலும்பையும் மயிரையும் கக்கிய உருண்டைகள். பிள்ளைகள் குச்சியால் பிரித்து எலும்புகளைக் கறுப்புத் தாளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் கையைத் தூக்கி, தன் உருண்டையில் இரண்டு மண்டை ஓடுகள் இருக்கின்றன என்றாள்.

"அப்படின்னா என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு பெத் நின்றாள். வகுப்பே கப்சிப். டெனிஸ் நெளிந்தாள். பெத்தின் உதடு மட்டும் மெல்ல அசைந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவதுக்கு அந்தப் பெண், "பசி தீரல. இன்னொண்ணையும் பிடிச்சிருக்கு" என்றாள். அப்புறம் அவளாகவே, எலிகள் இளசு, மண்டை சின்னதாக இருக்கிறது, ஒன்று போதாது என்று விடாமல் பேசினாள்.

ஆர்டிஸ் இலையுதிர்காலத்தில் எழுதிய படிவம் டெனிஸின் மடியில் இருந்தது. அதைப் புரட்டினாள். பெத் கோஸ்கி, இரண்டு. கீழே பென்சிலில்: "கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்ற. வாயை மூடு. பத்து எண்ணு."

நடைபாதைக்கு வந்ததும் டெனிஸ் கேட்டாள். "இன்னிக்கு எத்தனை போடுவீங்க?"

"அவ்வளவு மோசமில்ல."

"நான் இருநூறு வகுப்பு பாத்திருக்கேன். இதைவிட நல்ல வகுப்பு பாத்ததில்லை."

ஆர்டிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதைத்தானே நானும் சொன்னேன்."

டெனிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வகுப்புக்கு வெளியே காத்திருந்த டுவேன் நெற்றி வேர்வையைத் துடைத்தான். இந்த ஊரில் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுப் படிவத்தோடு வைத்தால் போதும் என்றாள் டெனிஸ். டுவேன் எழுதினான்: "மோசமில்லை" என்றால் மூன்று, "அவ்வளவு மோசமில்லை" என்றால் நாலு. ஆர்டிஸ் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, ஊர் மானமே போயிற்று என்று முணுமுணுத்தபடி பென்சிலால் கையெழுத்துப் போட்டாள்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது நிதி வந்துவிட்ட சேதி வந்தது. டுவேன் ஆசிரியர் அறை வாசலில் நின்று கடிதத்தைப் படித்தான். யாரும் கைதட்டவில்லை. "சரி, அப்ப ஆகட்டும்" என்றார் ஒருவர். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்து, பனி கொஞ்சம் விட்டிருக்கிறது என்றார். பெத் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, நகரத்துப் பள்ளிக்கு மறுப்பு எழுதிப் போட்டுவிடுகிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

மேசைமேல் தகரத் தட்டில் எலுமிச்சை இனிப்பு ஒரே துண்டு மிச்சமிருந்தது. சதுரம் முழுசாக, இன்னும் யாரும் கத்தி வைக்கவில்லை. ஆர்டிஸ் எழுந்து போனாள். கத்தியைத் தள்ளி வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கடைசித் துண்டை அப்படியே முழுசாக எடுத்துக் காகிதத்தில் வைத்து, பெத்தின் முன்னால் நகர்த்தினாள்.