திரி ஸ்டவ்வோடு புதுப்பட்டினம் வரை

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுராந்தகம் பஸ் நிலையத்தில் நின்றபோது என்னிடம் மூன்று மூட்டைகள் இருந்தன. துணிப்பையில் உடுப்பு. பழைய சேலையில் சுற்றிக் கட்டிய திரி ஸ்டவ். சாக்குப்பையில் புழுங்கலரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகு, சீரகம், கடுகு, உப்பு, நல்லெண்ணெய், இரண்டு பாத்திரம், ஒரு வாணலி, அந்த வாணலிக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு மூடி. மூடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் அம்மா ஜன்னல் வழியாக ஒரு சின்னத் தகர டப்பாவைத் திணித்தாள்.

"பெருங்காயம். மத்ததெல்லாம் அங்கே கடையில கிடைக்கும், இவ்வளவு நல்லதா இது கிடைக்காது. வயிறு ஏதாவது பண்ணினா மோருல கரைச்சுக் குடிச்சிடு. மறந்துடாதே."

"மறக்க மாட்டேம்மா."

"முடியலைன்னா பிடிவாதம் பிடிக்காம வந்துடு."

இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எனக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது சென்னையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றொரு வார்த்தையைச் சொன்னார். எங்கள் ஊரில் அதற்குத் தமிழ் இல்லை. அம்மா அதை "அவ சுபாவம்" என்று மாற்றிக்கொண்டாள். யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டேன். தட்டில் சோறும் குழம்பும் கலக்கக் கூடாது. எப்போது வரும் என்று தெரியாத சத்தம் என்னை உலுக்கிவிடும். அதனால் அம்மா என்னை அடுப்பருகே விடுவதே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு டாக்டர், ஓயாத என் வயிற்று வலிக்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. அம்மா அன்றே எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றினாள். வலி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

கட்டடத் துறையில் டிப்ளமா முடித்து, செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லெவல் எடுக்கும் வேலை. முதல் வெளியூர் முகாமில், பூரியும் உப்புமாவும் வெந்த அதே பாத்திரங்களில் சமைத்த சோற்றைத் தின்று இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். மேற்பார்வையாளர் தங்கராசு நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "புதுப்பட்டினம் வேலைக்கு வாங்கம்மா. சாப்பாடு உங்க பொறுப்பு. இந்தத் தடவையும் படுத்துட்டீங்கன்னா, அப்புறம் ஆபீசுக்குள்ளயே படம் வரைஞ்சுகிட்டு இருங்க."

படம் வரைவது எனக்குப் பிடிக்கும். ஆனால் வெயிலில் முக்காலியை ஊன்றி, லெவல் கருவியின் கண்ணாடி வழியாகத் தூரத்து அளவுகோலைப் படிப்பது அதைவிடப் பிடிக்கும். அங்கே யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்வதில்லை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆகவே ஒரு மாதம் அம்மா சமைப்பதை அடுக்களை வாசலில் நின்று பார்த்து மனப்பாடம் செய்தேன். பம்ப் ஸ்டவ் புலி மாதிரி உறுமும் என்பதால் திரி ஸ்டவ் வாங்கினேன்.

*

செங்கல்பட்டில் பஸ் மாறினேன். திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். டிக்கெட் அறுபது பைசா. கண்டக்டர் சேலை மூட்டையை மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, சீமெண்ண நாத்தம் தூக்குது?"

"ஸ்டவ். எண்ணெய் இல்லை. காலியாகத்தான் எடுத்து வந்தேன்."

"புருசன் வூட்டுக்குத் தனிக்குடித்தனமா?"

"இல்லை. வேலைக்கு."

"வேலைக்குப் போறவங்க டிபன் பாக்ஸ் எடுத்துகினு போவாங்க. நீ சமையக்கட்டையே பேத்துகினு போறியே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஸ்டவ்வுக்கு அரை டிக்கெட் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மலையில் கழுகு பார்க்கப் போவதாகச் சொன்னாள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வருமாம். பூசாரி கையால் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடுமாம். வேறு எதையும் தொடாதாம். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரே இடத்தில் ஒரே சோற்றை ஒரே மாதிரி தின்னும் பறவைக்குக் கும்பிடு கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மலையை நிமிர்ந்து பார்த்தேன். கழுகுகள் மேல் எனக்கு மரியாதை வந்திருந்தது.

*

புதுப்பட்டினத்தில் இறங்கும்போது பத்தரை மணி. கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலை தொடங்கிய பிறகு இந்தக் கடலோர ஊரில் மீன் சந்தைக்குப் பக்கத்திலேயே பற்பசை விற்கும் கடையும் சலவைக் கடையும் வந்துவிட்டன. எனக்கு அறை பார்த்து வைத்திருந்தது ஜெயாவின் வீட்டுப் பின்கட்டில். வாடகை வாரத்துக்கு ஏழு ரூபாய். ஜெயாவுக்கு முப்பது வயதிருக்கும். அவள் கணவர் கடலுக்குப் போகிறவர். பிடித்து வரும் மீனை அவள் சந்தையில் விற்கிறாள்.

"வா டீச்சர்" என்றாள்.

"நான் டீச்சர் இல்லை அக்கா."

"கண்ணாடி போட்டவங்க அல்லாரும் டீச்சருதான். இன்னா துண்ற?"

"நானே சமைத்துக்கொள்வேன்."

அவள் என் மூட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சோறு ஆக்குற கை மாரி தெரியலியே" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அன்று மாலை முதல்முறையாகத் தனியாகச் சமைத்தேன். சோறு குழைந்தது, ஆனால் சோறுதான். ரசம் கொதித்தது. மிச்சமிருந்தது தாளிப்பு. எனக்கு அடுப்படியில் பயம் என்றால் அது கடுகுதான். காய்ந்த எண்ணெயில் எந்த நொடியில் எது வெடிக்கும் என்று தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை அந்தச் சத்தத்தில் துள்ளி வாணலியைத் தட்டிவிட்டேன். தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. மூடி இதற்காகத்தான். எண்ணெய் காயும்வரை காத்திருக்காமல், குளிர்ந்த எண்ணெயிலேயே கடுகைப் போட்டு, மூடி, அதன்மேல் மடித்த துணியை வைத்துத் தள்ளி நின்றேன். உள்ளே ஏதோ தூரத்து மழை மாதிரிக் கேட்டது. அடங்கியதும் திறந்து, பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டு, ரசத்தில் கொட்டினேன்.

வாசனை பிடித்து ஜெயா எட்டிப் பார்த்தாள். தட்டில் சோறு ஒரு பக்கம், ரசம் தனிக் கிண்ணத்தில்.

"இன்னா, ரெண்டுத்துக்கும் சண்டையா?"

"ஆமாம். எனக்கு அப்படித்தான் பிடிக்கும்."

"சரி, நீயே பஞ்சாயத்து பண்ணிக்கோ" என்று போய்விட்டாள். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

*

செவ்வாய்க்கிழமை கடற்கரைச் சாலையோரம் லெவல் எடுத்தோம். மாலையில் வயிறு லேசாகப் பிடித்தது. அம்மா சொன்னபடி மோரில் பெருங்காயத்தைத் தாராளமாகக் கரைத்துக் குடித்தேன். புதன்கிழமை காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கொல்லைப்புறத்துக்கும் பாய்க்குமாக நடந்தேன். கையிலிருந்த ஒரே மருந்து மறுபடி அதே மோர்; குடித்தேன். இன்னும் மோசமானது.

பகலில் தங்கராசு வந்து வாசலிலேயே நின்றார்.

"மறுபடியுமாம்மா?"

"ஆமாம் சார்."

"ரெண்டு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் இருக்கு. குத்தம் சொல்லலை. எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காது."

"வெள்ளிக்கிழமை காலை வரை நேரம் கொடுங்கள். அன்று ஏழு மணிக்கு நான் முக்காலியோடு நிற்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்."

அவர் யோசித்தார். "வெள்ளிக்கிழமை ஏழு மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாயில் படுத்தபடி யோசித்தேன். லெவல் எடுக்கும்போது ஒரு குறிக்கல்லில் தொடங்கி, ஊரைச் சுற்றி, அதே கல்லில் வந்து முடிப்போம். கணக்கு சேர்ந்தால் வேலை சரி. சேராவிட்டால் பிழை வழியில் எங்கோ இருக்கிறது. அழுது பயனில்லை, கருவியை நிறுத்திய ஒவ்வோர் இடமாகத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். என் சமையலிலும் எங்கோ பிழை. பாத்திரம் என்னுடையது, அடுப்பு என்னுடையது, கோதுமை இந்த அறைக்குள் வரவில்லை. அப்படியென்றால் கோதுமை என்று நான் நினைக்காத ஏதோ ஒன்று.

தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். புதன் இரவு கஞ்சியும் உப்பும் மட்டும். வியாழன் காலை அதே கஞ்சியோடு வெறும் மோர். வலி சற்றுத் தணிந்தது. ஆக, மோர் குற்றவாளி இல்லை.

வியாழன் மாலை ஜெயா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "கஞ்சி குடிச்சுகினே கெடந்தா எப்டி எந்திரிப்ப? சங்கரா மீன் கொழம்பு."

"இதில் மாவு ஏதாவது சேர்த்தீர்களா?"

"மீன் கொழம்புல மாவா?"

"என்னென்ன போட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்."

"போலீசு மாரி கேக்குது பாரு!" என்றாலும் விரல் மடக்கிச் சொன்னாள். புளி, வூட்டில் இடித்த மிளகாய்த்தூள், தனியா, வெங்காயம், தக்காளி, பூண்டு, கடுகு, வெந்தயம், நல்லெண்ணெய்.

"பெருங்காயம்?"

"மீன் கொழம்புலயா? எங்க வூட்டுப் பூனகூட மோந்துட்டுப் பூடும்."

எங்கள் வீட்டில் மீன் குழம்பிலும் அம்மா அதைப் போடுவாள். வயிற்றுக்கு நல்லது என்று, எனக்காக, கூடுதலாகவே போடுவாள். சோற்றைத் தனியாக, குழம்பைத் தனியாகச் சாப்பிட்டேன். இரவு முழுவதும் வயிறு அமைதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முக்காலியோடு நின்றேன். தங்கராசு அளவுகோலைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

மாலையில் மளிகைக்கடையில் டப்பாவை நீட்டிக் கேட்டேன்: "இதில் என்ன கலந்திருக்கும்?"

கடைக்காரர் கிள்ளிப் பார்த்தார். "நல்ல சரக்குதான். கலப்படம்லாம் ஒண்ணும் இல்ல."

"கலப்படம் கேட்கவில்லை. கட்டியாக நிற்க என்ன சேர்ப்பார்கள்?"

"அது வயக்கமா சேக்கறதுதானே. கோந்து, மைதா. பெருங்காயச் செடிப் பாலு மட்டும் வெச்சுகினு ஒரு கிள்ளு போட்டா காரம் தாங்குவியா நீ?"

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மீன் கூடைகள் காலியாகிக்கொண்டிருந்தன. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, கணக்கு சேர்ந்த நிம்மதி. அதற்குப் பிறகுதான் அம்மா நினைவுக்கு வந்தாள். வலி வந்த ஒவ்வொரு முறையும் ஓடி ஓடி மோர் கரைத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றவள்.

அன்று இரவு பெருங்காயம் இல்லாமல் ரசம் வைத்தேன். சீரகத்தையும் பூண்டையும் கூட்டினேன். ஜெயா ஒரு வாய் குடித்தாள்.

"இப்ப கை மாரி தெரியுது, டீச்சர்."

*

சனிக்கிழமை வேலை முடிந்தது. தொடங்கிய குறிக்கல்லில் கணக்கு சேர்ந்தது. தங்கராசு கருவியைப் பெட்டியில் வைத்தபடி, "அடுத்த மாசம் நெம்மேலிப் பக்கம். ஸ்டவ்வுக்கும் சேர்த்து இடம் பார்க்கச் சொல்றேன்" என்றார். புறப்படும்போது டப்பாவை ஜெயாவிடம் கொடுத்தேன். சந்தையில் அது வேண்டியவர்கள் இருப்பார்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுவழியாக மாமல்லபுரம் வந்தேன். பதினைந்து கிலோமீட்டர். கடற்கரைக் கோயில் நிழலில் உட்கார்ந்து, காலையில் கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரித்தேன். வேர்க்கடலை தனிப் பொட்டலத்தில். ஊர் முழுக்கச் சிற்பிகளின் உளிச் சத்தம். அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. ஒவ்வோர் அடியும் எப்போது விழும் என்று தெரிந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் பஜ்ஜி, பூரி, பிஸ்கட் விற்றார்கள். வெளியூரில் பசியோடு நடக்காமல், பயந்து சாப்பிடாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தது எனக்கு அதுதான் முதல்முறை. புலிக்குகையையும் வெண்ணெய் உருண்டைப் பாறையையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

மதுராந்தகம் வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். அம்மா என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு பையைத் துழாவினாள்.

"பெருங்காய டப்பா எங்கே?"

"அதில் மைதா இருக்கும்மா. கட்டி பிடிக்கச் சேர்ப்பார்களாம்."

அம்மா கை பைக்குள்ளேயே நின்றது. பிறகு, "மோருல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனவே வாணலியை எடுத்து அம்மாவின் அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டேன்.

"நான் தாளிக்கட்டுமா? அந்தச் சத்தம் உனக்கு..."

"வேண்டாம்மா. நீ உட்கார். இன்றைக்கு நான் சமைக்கிறேன்."

மூடியை வைத்தேன். உள்ளே மழை பெய்தது. இந்த முறை நான் தள்ளி நிற்கவில்லை.