சேஷு சாரின் இரண்டாவது திரை

செய்தி வந்தபோது ஆடுகளுக்குத் தீவனம் ஏற்றிக்கொண்டு டோல்வே சுங்கச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். சேஷு சாரின் மகள் மீராதான் கூப்பிட்டாள். “அங்கிள், அப்பா காலைல போயிட்டார். ஹார்ட். ஐ டோன்ட் நோ ஹவ் டு...” என்றவள் மேலே பேச முடியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். வண்டியை ஓரங்கட்டினேன். இறப்புச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் இன்னா லில்லாஹி தானாக வாயில் வந்தது. அழுதேன்.

கடல் தாண்டி வந்து குடியேறிய இந்தப் பிளானோ நகரில் அவரை அறிந்த உங்களில் பலருக்குச் சேஷாத்ரி என்றால், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மைக் மக்கர் செய்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு மேடையேறும் மனிதர். எனக்கு அலுவலகத்தில் சீனியர், கேமரா நிபுணர். முட்டைகூடத் தொடாதவர். அவர் எனக்காக வேட்டைக் கருவி செய்தார் என்றால் நம்பமாட்டீர்கள்.

நகரத்துக்கு வடக்கே, என் வீட்டை ஒட்டி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். பக்ரீத் குர்பானிக்கு நம் குடும்பங்கள் பல என்னிடம்தான் ஆடு சொல்லிவைக்கும். ஒரு வருடம் பண்டிகை நெருங்கும் நேரத்தில் பண்ணைக்குள் கயோட்டி புகுந்துவிட்டது. நம் ஊர் நரிக்கு அண்ணன் முறை. ராத்திரிக்கு ராத்திரி வந்து ஆட்டை அடித்துப் போட்டது. பண்டிகைக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கடையில் இரவுப் பார்வைக் கருவியின் விலையைக் கேட்டால், பேசாமல் ஆடுகளையே விற்றுவிடலாம் போலிருந்தது. லஞ்ச் நேரத்தில் புலம்பித் தீர்த்தேன். சார் தயிர் சாதத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

“நரி தின்னா திருட்டு, நீங்க தின்னா பண்டிகையா, பாய்?”

“நரி பிஸ்மில்லா சொல்லி அறுக்காது, சார்.”

அவருக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சனிக்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பழைய கண்காணிப்புக் கேமரா ஒன்றைப் பிரித்து, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் சின்னக் கண்ணாடியை நோண்டி எடுத்தார். கேமராவைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, என் துப்பாக்கியின் தொலைநோக்கிக்குப் பின்னால் பொருத்தினார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை வீசும் டார்ச் ஒன்று, டிரில்லிங் மெஷின் பேட்டரி, கார் ரிவர்ஸ் எடுக்கப் பார்க்கும் திரை, அவ்வளவுதான். முதல் முறை திரை முழுக்க வெளுத்துப்போயிற்று. டார்ச் ஒளி குழாய்க்குள்ளேயே புகுந்துகொண்டது. ரவிக்கை தைத்து மிஞ்சிய கறுப்புத் துணியை உள்ளே ஒட்டியதும் படம் தெளிந்தது. “சிங்க் ஒழுகறதுன்னு வாங்கின பைப் அது. ஒழுகல் அப்படியே இருக்கு, நரிக்கு மட்டும் ராஜ மரியாதை” என்றார் சாரின் மனைவி, மாமி.

கருவியைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். நீளமான வயரில் இரண்டாவது திரை ஒன்றையும் இணைத்திருந்தார். “நீங்க பாக்கறதை நானும் பாப்பேன். நான் சரின்னு சொல்லாம சுடக் கூடாது.” துப்பாக்கியால் ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காதவர் எனக்கு உத்தரவு போடுகிறாரே என்று சிரித்தேன்.

மூன்றாம் இரவு வேலியோரம் இரண்டு கண்கள் வெள்ளையாக மின்னின. விரல் விசைக்குப் போய்விட்டது.

“இருங்கோ. கண்ணுதான் தெரியறது.”

“கயோட்டிதான் சார். வேற என்ன வரும் இங்க?”

“எதுவும் வரலாம். உடம்பு தெரியட்டும், பாய்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கண்கள் திரும்பின. கழுத்தில் பட்டை தெரிந்தது. நாய். அதன் பின்னால் புல்லுக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்தார். பக்கத்துப் பண்ணைக் கிழவர் டேல். வேலி தாண்டிய நாயைப் பிடிக்க வந்தவர், டார்ச் அணைந்துபோய்த் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சுட்டிருந்தால் குண்டு நேரே அவரைத் துளைத்திருக்கும். குண்டுகளை வெளியே எடுத்து மண்ணில் வைத்தேன். சார் என் முதுகில் கை வைத்தார். “ஒண்ணும் ஆகல. மூச்சு விடுங்கோ” என்றார். சொல்லிக் காட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கடைசிவரை சொல்லிக் காட்டவே இல்லை.

அடுத்த வாரம் கயோட்டி முழுசாகத் திரைக்குள் வந்து நின்றது. வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் “சரி” என்றார். சுட்டேன். “அதுவும் பசிக்குத்தான் வந்தது” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். பண்டிகைக்குச் சொன்ன ஆடுகளைச் சொன்னபடி கொடுத்தேன். அதில் ஒரு துண்டுகூட அவருக்குக் கொடுக்க முடியாதே என்று எனக்குத்தான் குறை. மாமிக்குப் புது பைப் வாங்கிக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது கருவி அல்ல, அந்தப் பொறுமை. அவர் போன பிறகு ஓர் இரவு வேலியோரம் மறுபடி கண்கள் மின்னின. பக்கத்தில் யாரும் இல்லை. உடம்பு தெரியட்டும் என்று காத்திருந்தேன், தெரியவே இல்லை. சுடவில்லை. விடிந்து பார்த்தால் ஒரு குட்டியைக் காணோம். வருத்தம்தான், ஏன் இல்லாமல்? வேலிக்கு அந்தப் பக்கம் டேல் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போனார். கையசைத்தார். நானும் கையசைத்தேன்.