சீனி போடாத தேத்தண்ணி

இருளாயி என்று எழுதுகிறேன். அது அவர் பெயரல்ல. இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே எந்தத் தேயிலைத் தோட்டம் என்பதையும் சொல்லப் போவதில்லை. தூரதேசத்தில் இருந்து நான் எழுதும் ஒரு வரி, அங்கே யார் வீட்டு வாசலில் போய் விழும் என்று தெரியாது.

பதினோரு வருடங்களாக அவர் சீனி போடாத தேத்தண்ணிதான் குடிக்கிறார். பத்து மணிக்கு, கொழுந்து பறிக்கும் மலைக்குச் சாயத்தண்ணி வரும்போது மற்றப் பெண்கள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு குடிப்பார்கள். இவர் கையை மூடிக்கொள்வார். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறவர்கள், அக்காவுக்குச் சீனி வருத்தம் என்று இவரைத் தாண்டிப் போவார்கள். யார் பாகற்காய் பறித்தாலும் பாதி இவர் வீட்டுக்கு வரும். அதையும் சமைத்துத் தின்பார்.

அவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கிடையாது. இரண்டாவது குழந்தை பிறந்து இறந்த பிறகு, தேயிலைச் செடிகள் தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கேட்கத் தொடங்கியது. ஒருநாள் கொழுந்துக் கூடையோடு மலையிறங்கிப் போனவரை டவுன் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார்கள். பிள்ளை போன துக்கம் என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் அதை மறந்துவிட்டது. கணவர் நாகலிங்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரையில் குரல்கள் அடங்கின. மாதாமாதம் மனநல கிளினிக் வரச் சொன்னார்கள். என்ன வருத்தம் என்று கங்காணி கேட்டபோது நாகலிங்கத்தின் வாயில் முதலில் வந்தது சீனிதான். பைத்தியம் என்ற பேர் ஒருதடவை ஒட்டினால், மகளின் பேரோடும் சேர்ந்தே வரும்.

போன ஐப்பசி மழையில் மண் சரிந்து நான்கு நாள் பஸ் ஓடவில்லை. பக்கத்து வீட்டு சுமித்ராவுக்கு உண்மையாகவே சீனி வருத்தம். மாத்திரை முடிந்து தலை சுற்றியது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம் இருளாயியிடம் வந்து இரண்டு மாத்திரை கேட்டாள். லயத்தில் மாத்திரை கைமாறுவது புதிதல்ல. இருளாயி முடிந்துவிட்டது என்றார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சுமித்ராவுக்கும் மாத்திரை போட்டுத் தரும் அதே ஆஸ்பத்திரிக் காகித உறை இருந்தது.

"அந்தா இருக்குல்ல? நமக்குள்ளயே இப்பிடியாக்கா?"

கொடுத்தால் அவளுக்கு என்ன ஆகுமோ. சொன்னாலோ, இருளாயியின் மகளுக்குப் பேசிவரும் மாப்பிள்ளை சுமித்ராவின் அண்ணன் மகன்.

இருளாயி உறையை எடுத்து அவளிடம் காட்டினார்.

"இது சீனிக்கு இல்ல புள்ள. எனக்குச் சீனியே இல்ல. இது தலைக்கு. அந்தப் புள்ள போன பொறகு செடியெல்லாம் என்னப் பத்திப் பேசுச்சு. இதப் போட்டுக்கிட்டுத்தான் மலைக்கு வர்றேன்."

சுமித்ரா உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மகளின் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்று இருளாயி நினைத்தார்.

"அந்த கிளினிக்குல குடிக்கும் வைத்தியம் பாப்பாங்களா அக்கா?"

அவள் கணவன் கஜேந்திரனுக்குக் காலையில் கசிப்புச் சாராயம் உள்ளே போகாவிட்டால் தேயிலை வெட்டும் கத்தியைப் பிடிக்கக் கை நிற்காது. நரம்பு வருத்தம் என்று அவள் சொல்லிவந்ததை இருளாயியும் நம்பியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். செய்வினை என்று கஜேந்திரனுக்கு மூன்று இடத்தில் கயிறு கட்டியும் ஆயிற்று.

"பாப்பாங்க. ஏச மாட்டாங்க. டாக்டருக்குத் தமிழ் வராது, நான் சிங்களத்துல சொல்றேன். பொதங்கெழம கூட்டிட்டு வா."

மறுநாள் நாகலிங்கம் மண்சரிவைத் தாண்டி நடந்துபோய், சுமித்ராவின் கிளினிக் கொப்பியைக் காட்டி மாத்திரை வாங்கிவந்தார். பாதை திறந்த பிறகு கஜேந்திரன் இரண்டு தடவை கிளினிக் போனான். மூன்றாவது தடவை பஸ் ஸ்டாண்டிலேயே காணாமல் போனான். நான்காவதுக்கு மறுபடி வந்தான்.

அண்ணனிடம் தான் வாய் திறக்கமாட்டேன் என்று சுமித்ரா சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வரும் அன்று தானே சொல்லப்போவதாக இருளாயி என்னிடம் போனில் சொன்னார். கேட்டதிலிருந்து பயம் எனக்குத்தான்.

போன வாரம் மலையில் சுமித்ரா சீனி டின்னை வாங்கி, இருளாயியின் உள்ளங்கையை விரித்துக் கொட்டினாளாம். அவங்களுக்குச் சீனி வருத்தம்டி என்று மற்றவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

"எனக்குந்தான் சீனி. எம் பங்க அவங்க ஒருநா திங்கட்டுமே."

எல்லாரும் சிரித்தார்கள். இருளாயி நக்கிப் பார்த்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அது தாங்க முடியாத இனிப்பு. பாதியைச் செடியடியில் தட்டிவிட்டு, மீதியோடு தேத்தண்ணியைக் குடித்தார்.