என் வீட்டுக்காரரின் காலும் நான் கேட்ட கேள்வியும்

அன்பான சகோதர சகோதரிகளே, என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் தன் சொந்தக் காலால் நடந்து ஆலயத்துக்கு வருவதைப் பார்க்கிறீர்கள். அந்த வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட ஓர் ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. சம்மதம் என்று அவரே கையெழுத்தும் போட்டுவிட்டார். எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டார். அன்று கர்த்தர் எங்களுக்கு என்ன செய்தார் என்பதை நான் சொல்லாமல் இருக்க முடியாது.

என் பெயர் ஜெபக்கனி. ஏரலில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் ஞானமுத்துவுக்கு வாழைதான் தொழில். பெருவெள்ளம் வந்து போனதற்கு அடுத்த வருடம், வாழைத்தோட்டத்தில் ஆறு கொண்டுவந்து போட்டிருந்த குப்பையை அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. பல வருடமாகச் சர்க்கரை வியாதி. பாதம் மரத்துப்போயிருந்ததால் சில்லு ஏறினதே அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்தபோது பாதம் வீங்கி, சின்ன விரல்கள் இரண்டும் கறுத்திருந்தன. காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது.

அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே காதில் சீழ் வடிந்து இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் நெருங்கிச் சொன்னால்தான் கேட்கும். இது வெளியே தெரியக்கூடாது என்று, யார் எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிடுவார். சண்டைக்கு வந்தவர்கள்கூட அவர் ஆமா சொன்னதில் குழம்பித் திரும்பிப் போனதுண்டு. ஊரில் அது சிரிப்பு. ஆஸ்பத்திரியில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

அவருடைய அக்கா கிரேஸ் மதினிதான் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். நல்ல இடம், ஏசி ரூம், பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறார் என்றார்கள். போனோம். வாசலில் முதலில் கேட்டது காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதுதான். கால் என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். என் மனதில் முதல் முள் அப்போதே தைத்தது.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் போன். கட்டைப் பாதி பிரித்துக் காட்டினார்கள். குனியவில்லை, தொடவில்லை. கூட நின்ற சின்ன டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் "டாக்டர்" என்று கூப்பிட்டது கதவில் பட்டுத் திரும்பியது. தையல் வேலையில் இருக்கிற எனக்கு, துணியைத் தொட்டுப் பார்க்காமல் கத்தரி வைக்கக்கூடாது என்று தெரியும். ஒரு மனிதனின் காலைத் தொட்டுப் பார்க்காமல் இவர் என்ன முடிவு எடுத்தார் என்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனாலும் அந்தச் சந்தேகத்தை நான் அடக்கினேன். சந்தேகம் பிசாசிடமிருந்து வருவது என்று கேட்டு வளர்ந்தவள் நான். 'ஆண்டவரே, எனக்கு விசுவாசத்தைத் தாரும்' என்று சொல்லிக்கொண்டு, மதினியை அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, கேன்டீனில் இட்லி வாங்கக் கீழே போனேன்.

திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது சிஸ்டர் ஓடி வந்தாள்.

"சாப்பாடு எதுவும் கொடுக்காதீங்கம்மா. மத்தியானம் தியேட்டருக்குக் கொண்டு போகணும்."

"தியேட்டருக்கா? எதுக்கு?"

"காலை எடுக்கதுக்குத்தான். ஐயா கையெழுத்துப் போட்டுட்டாங்களே."

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய வலது காதுக்குக் குனிந்து, "என்னத்துக்குங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"புது மருந்து போடப் போறாங்களாம் ட்டி. அதுக்குத்தான்" என்றார்.

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீங்க இங்கனதான இருந்தீங்க மதினி? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் ட்டி. நீ பதறுவேன்னுதான் சொல்லல. டாக்டர்மாரு தேவனோட கருவி. அவங்களச் சந்தேகப்படக்கூடாது."

மதினி பேரிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த ஆஸ்பத்திரியைச் சொன்னதும் அவர்கள், தம்பியைக் கையெழுத்துப் போட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவர்கள். அந்த நேரத்தில் எனக்கு எல்லாருமே சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்றுதான் தோன்றியது. சிஸ்டரின் அவசரம், மூடுகிற கதவு, தாழ்ந்த குரலில் பேசுகிற பேச்சு, எதையும் நம்ப முடியவில்லை. அதே நேரம் இன்னொரு பயமும் பிடுங்கியது. ஒருவேளை டாக்டர் சொல்வது சரியாக இருந்து, நான் தடுத்து, என் வீட்டுக்காரர் உயிர் போய்விட்டால்?

மாடிப்படி வளைவில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் போடக்கூட இடமில்லை. ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். 'ஆண்டவரே, நான் படிக்காதவள். இவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு துணையை அனுப்பும். என்ன கேட்க வேண்டும் என்று என் வாயில் வையும்.' அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

போன் அடித்தது. எங்கள் சபையில் இருக்கிற ஜவுளிக்கடை சாமுவேல் அண்ணாச்சி. டவுணுக்குச் சரக்கு எடுக்க வந்தாராம். "ஞானமுத்து எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு நினைக்கேன்" என்றார். ஒரு துணை கேட்டேன், அந்தக் கண்ணீர் காயும் முன்னே வந்தது. இதை யாராவது தற்செயல் என்று சொன்னால் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி வந்ததும் இருவருமாகச் சின்ன டாக்டரைத் தேடிப் போனோம். இளவயது. முகத்தில் தூக்கமில்லை. நான் என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறந்தேன், கேள்வி வந்தது.

"டாக்டர், இன்னைக்கே எடுக்காட்டா என்ன ஆகும்?"

"விஷம் ஏறிடும்மா. உயிருக்கே ஆபத்து."

"சரி. நாளைக்குக் காலையில எடுத்தா?"

"நாளைக்கு முடியாதும்மா. சார் இன்னைக்கு மட்டும்தான் இங்க வருவாங்க. இனிமே அடுத்த வாரம்தான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவசரம் காலுக்கா, ஊருக்குத் திரும்புகிற டாக்டரின் காருக்கா?

"விரலை மட்டும் எடுத்துட்டு, சீழை வெளிய விட்டுப் பாக்க வழி இருக்கா டாக்டர்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் கழுத்தில் கிடந்த குழாயைத் தடவிக்கொண்டு, "சார்கிட்டதான் கேக்கணும்" என்றார். "சார்கிட்ட கேக்க விடுங்க" என்றேன். சார் தியேட்டரில் இருக்கிறாராம். பார்க்க முடியாதாம்.

"அப்ப நாங்க வேற டாக்டர்கிட்டக் காட்டிட்டு முடிவு பண்ணுதோம்."

அதோடு எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. இப்போது கூட்டிக்கொண்டு போனால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கேட்டேன். அதெல்லாம் ஆஸ்பத்திரி ஃபைல், வெளியே தர மாட்டோம் என்றார்கள். நான் கவுன்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என் வீட்டுக்காரர் காலைப் பிடிச்ச படம், அவருக்கு இல்லாம யாருக்கு? தாங்க. தந்தா எந்திரிக்கேன்." வாழ்நாளில் நான் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். கடைசியில் கொடுத்தார்கள்.

புறப்படும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "ஏட்டி, எங்கப்பா கால எடுக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சுத்தான் செத்தாரு. எந்தம்பியும் அப்படிப் போயிரக்கூடாது ட்டி." அப்போதுதான் அவர்கள் மனது எனக்கு விளங்கியது. அவர்கள் செய்தது சூது அல்ல, பயம். "நாம வீட்டுக்குப் போகல மதினி. இன்னொரு டாக்டர்கிட்டப் போறோம்" என்றேன். இதை நீங்களும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்ததும் அவரை ஏரலுக்குத் திருப்பிக் கொண்டுபோய் ஜெபம் மட்டும் பண்ணியிருந்தால் இன்று நான் விதவை.

அண்ணாச்சி வண்டியிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கூட்டம், தரையிலும் நோயாளிகள். ஏசி ரூமிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டோமே என்று எனக்கு மறுபடியும் கலக்கம். ஒரு டாக்டரம்மா வந்தார்கள். கட்டை முழுவதும் பிரித்தார்கள். பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்த்தார்கள். ஒரு சின்னக் கருவியையும் வைத்துக் கேட்டார்கள். பிறகு, நான் சொல்லிக் கொடுத்தபடி, அவருடைய வலது காதுக்குக் குனிந்து பேசினார்கள்.

"ஐயா, பாதத்துக்கு ரத்தம் ஓடுது. சீழை உடனே வெளியேத்தணும். கறுத்த விரல் ரெண்டும் போகும். கால் தப்பிக்கும்னு நினைக்கேன். ஆனா உறுதி சொல்ல மாட்டேன். நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பாப்போம்."

அவர் வழக்கம்போல "ஆமா, ஆமா" என்றார். டாக்டரம்மா விடவில்லை. "ஆமா வேண்டாம். என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க." மறுபடியும் சொன்னார்கள், இன்னும் பைய, இன்னும் பக்கத்தில். அவர் கண் கலங்கி, "ரெண்டு விரல் போகும். கால் இருந்தாலும் இருக்கும்" என்றார். உறுதி சொல்ல மாட்டேன் என்று சொன்ன அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அன்றே சீழை எடுத்தார்கள்.

ஆனால் சந்தேகத்தை நான் அங்கேயும் விடவில்லை. விடாததும் தேவ கிருபைதான். ஒருநாள் காலை சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டு அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சிஸ்டர் ஊசியோடு வந்து, "ஞானமணிதான?" என்றாள். அவர் தலையாட்டினார். சட்டையைத் தூக்கவும் போனார்.

"இது என்ன ஊசி சிஸ்டர்? யாருக்கு?" என்றேன்.

"சுகருக்குத்தான். ஞானமணி இவருதான?"

"இவரு ஞானமுத்து. இவருக்கு இப்பத்தான் போட்டுட்டுப் போனாங்க."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஞானமணி எதிர்க் கட்டிலில் இருந்தார். ஒருவருக்கே இரண்டு தடவை அந்த ஊசி போனால் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிடுமாம், உயிருக்கே ஆபத்தாம். பிறகு அவள் என்னிடம் வந்து, "நல்லவேளை கேட்டீங்கக்கா. ஒரே ஆளா இத்தன பேரப் பாக்கோம்" என்றாள். அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் "உங்க பேரு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தாள். அப்படிக் கேட்டால் ஆமா என்று சொல்ல முடியாதே.

காயம் ஆற வெகு நாளாயிற்று. நடுவில் ஒருமுறை மறுபடியும் சீழ் வைத்து, கால் போய்விடும் என்றே நினைத்தோம். மதினி உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். கர்த்தர் இரங்கினார். இரண்டு விரல் போயிற்று. கால் இருக்கிறது. செருப்பில்லாமல் அவர் இப்போது தோட்டத்தில் இறங்குவதில்லை. தினமும் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைக்க, நான் பார்த்துவிட்டுத்தான் படுக்க விடுகிறேன்.

அந்தப் பெரிய டாக்டர் பணத்துக்காகச் சொன்னாரா, அவசரத்தில் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கர்த்தர் அறிவார். அவர்மேல் எனக்குக் கசப்பில்லை. நம்பிக்கையும் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் என் விசுவாசத்தை வைக்க வேண்டியது கர்த்தர்மேல். வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதரிடம் கேள்வி கேட்டால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார், நாம்தான் நமக்குள் பயந்துகொள்கிறோம். நான் பிசாசென்று விரட்டிய அந்தச் சந்தேகத்தை, என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற ஆண்டவரே எனக்குள் வைத்திருந்தார் என்று இப்போது சொல்லுவேன்.

பிரியமானவர்களே, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். இது என்ன மருந்து, ஏன் இன்றைக்கே, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்க வாய் வராவிட்டால், வாயை உண்டாக்கினவரிடம் கேளுங்கள்.

இப்போதெல்லாம் சபையில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவதானால், "ஜெபக்கனி அக்கா, கூட வாரீங்களா?" என்று கேட்கிறார்கள். தைத்துக்கொண்டிருக்கிற ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன். போன வாரம் எதிர்வீட்டுப் பாத்திமா அக்காவோடும் போனேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் கூச்சப்படாமல் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். போகிற வழியிலேயே ஜெபித்துக்கொள்வோம். அங்கே போய், டாக்டர் பதில் சொல்லுகிற வரைக்கும் நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன்.